பத்தி இரண்டில் ஒரு ப்ளீஸ்

கிரிம்ஸ்பியில், மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால்,
வீட்டுவசதிச் சங்கத்தின் இரண்டாம் மாடியில்
பதினோரு வருடமாகக் கடிதம் அடிக்கிறாள்
க்ளெனிஸ் ஹெபிள்த்வெயிட்.
வாடகை பாக்கிக்காரர்களுக்கு மட்டும்.
அடுத்த மேசை நான். உறை ஒட்டுவது என் வேலை.

முதல் கடிதத்தில், பத்தி இரண்டில், ஒரு ப்ளீஸ்.
அடுத்ததில் இரண்டு.
மூன்றாவதில் ப்ளீஸ் இருக்காது,
கைண்ட்லி வரும்.
கைண்ட்லி வந்துவிட்டால்
பெட்டி கட்டத் தொடங்கலாம் என்பது
எங்கள் ஊரில் பாக்கி வைத்த எல்லோருக்கும் தெரியும்.

நான்காவது
'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று ஆரம்பிக்கும்.
அஞ்சுகிறேனாம்.
யார் அஞ்சுவது?
க்ளெனிஸா?
பூட்டு மாற்ற வரும் ஆளா?
அவன் கையில் ட்ரில் இருக்கிறது,
வேனில் சாண்ட்விச் இருக்கிறது,
அவனுக்கென்ன பயம்.
பயப்பட வேண்டியவர்
கதவுக்கு அந்தப் பக்கம்
காலுறையோடு நின்று தபாலைப் பிரிக்கிறார்.
அவருடைய பயத்தைக்கூட
நாங்களே எடுத்துக்கொண்டு
கீழே கையெழுத்தும் போட்டுவிடுகிறோம்.

இதைச் சொன்னால் க்ளெனிஸ் சிரிப்பாள்.
"சொல்லைப் பிரித்துப் பார்க்காதே.
டீ கோப்பைக்குக் காது இருக்கிறதே, அது மாதிரி.
சூடு படாமல் பிடிக்க."
யாருக்குச் சூடு படாமல் என்று கேட்டேன்.
பிஸ்கெட் டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.
தேங்க்ஸ் என்றேன்.
வேறென்ன சொல்ல.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், மழை,
ஒன்பதாம் எண் பஸ்.
பிரேக் போட்டதில் பின்னால் சாய்ந்த க்ளெனிஸ்
யாரோ ஒருவரின் காலை மிதித்தாள்,
குதிகால் முழுக்க, அழுந்த.
"சாரி" என்றார் அவர்.

மிதிபட்டவர்.

இந்தத் தீவில் அப்படித்தான்:
இடித்தவனுக்கு ஒரு சாரி, இடிபட்டவனுக்கு ஒரு சாரி,
நடுவில் நின்ற கம்பத்துக்கும் ஒன்று.
யாரும் காதில் வாங்குவதில்லை.
அவள் வாங்கிவிட்டாள், திரும்பியும் பார்த்துவிட்டாள்.
அவர் கோட்டுப் பையில் எங்கள் உறை,
ஓரத்தில் பச்சைக் கோடு.
நான்காவதுக்கு மட்டும்தான் பச்சை.

ஒரே நிறுத்தத்தில் இறங்கினார்கள்.
எங்கள் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு
"ஆஃப்டர் யூ" என்றார் திரு. பிளெட்சோ.
அவள் முதலில் உள்ளே போனாள்.
அவரைக் கீழே வரிசையில் உட்காரச் சொன்னார்கள்,
ப்ளீஸ் போட்டு.

அன்று மதியம் அவள் அடித்த கடிதம்
மூன்று வரி:
நானூற்றுப் பன்னிரண்டு பவுண்டு பாக்கி.
இருபத்தாறாம் தேதி பூட்டு மாறும்.
எங்களுக்கு ஒரு பயமும் இல்லை.

மேலாளர் ஸ்கெல்டன் சிவப்பு மையில் திருப்பி அனுப்பினார்:
'டோன் சரியில்லை. மறுபடி எழுதவும், ப்ளீஸ்.'

எழுதினாள். அஃப்ரெய்ட், கைண்ட்லி,
ரெக்ரெட் கூட ஒன்று.
ரெக்ரெட் எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.
சாரி மட்டும் கூடாது.
சாரி என்றால் தப்பு நம்முடையது என்றாகிவிடுமாம்,
வழக்கறிஞர்கள் விடுவதில்லை.
பஸ்ஸில் இறைந்து கிடக்கும் சொல்,
இரண்டாம் மாடிக்கு ஏற லிஃப்ட் கிடையாது.

உறையில் போடும்போதுதான் பார்த்தேன்:
கையெழுத்துக்கும் கீழே, பேனாவால், பொடி எழுத்தில்,
'சாரி. உங்கள் காலுக்கு.'
வழக்கறிஞர் கேட்டால்
பஸ் விஷயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.
ஒட்டினேன்.

இருபத்தாறாம் தேதி பூட்டு மாறியது.
ட்ரில்காரன் டீ குடிக்க வந்தபோது சொன்னான்:
நல்ல மனுஷன், சத்தமே போடவில்லை,
சாவியை என் கையில் வைத்துவிட்டு
தேங்க்ஸ் என்றார்.

நீ என்ன சொன்னாய் என்றாள் க்ளெனிஸ்.

நோ ப்ராப்ளம் என்றேன்,
என்றான்.