சோதனைச் சாவடி

ஆல்பேட்டையில் பஸ்ஸை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
பாண்டியிலிருந்து வரும் வண்டி என்றால்
போலீஸுக்கு மூக்கு வேர்த்துவிடும்.
மடியிலிருந்த தெர்மாகோல் பெட்டியை
ஒருவர் லத்தியால் தட்டினார்.
"மீனா?"
இல்லை.
"அப்ப சரக்கு."
மூடியைத் திறந்தார்.
ஐஸுக்குள் நாற்பது சின்ன பாட்டில்கள்.
வெளிர் மஞ்சள், அடர் மஞ்சள்,
ஒன்று மட்டும் கடுங்காப்பி நிறம்:
கருவாடு காயவைக்கும் செங்கேணி
பகலெல்லாம் தண்ணீர் குடிக்க மாட்டாள்,
குடித்தால் ஒதுங்க இடமில்லை.
ஒன்றை எடுத்து வெயிலில் ஆட்டிப் பார்த்தார்.
"என்ன பிராண்டு?"
பொம்பளைங்க மூத்திரம் சார், என்றேன்.
பஸ்ஸே சிரித்தது.
கையைக் காக்கியில் துடைத்தார், துடைத்தார்,
கண்டக்டர் விசில் ஊதும்வரை துடைத்தார்.

பாட்டிலுக்கு அறுபது ரூபாய் எனக்கு.
நரம்பை, பனித்திட்டு, கிருமாம்பாக்கம், பாகூர்,
வாசல் வாசலாக நின்று கேட்க வேண்டும்,
விடிந்ததும் போகிற முதல் மூத்திரம்.
"உப்பு கேட்டு வந்தவங்க உண்டு,
இதைக் கேட்டு வந்தவ நீதான்டி கொளஞ்சி"
என்றாள் அஞ்சலாட்சி. கொடுத்தும் விட்டாள்.

மஞ்சக்குப்பத்து ஆய்வறையில் நிலோஃபர் சொன்னது இவ்வளவுதான்:
மார்பில் ஓர் அணு தடம் மாறினால்
உடம்பு சும்மா இருக்காது,
எதையோ உடைக்கும், எதையோ கரைக்கும்.
அந்தத் துணுக்குகள் ரத்தத்தில் ஏறி
சிறுநீரில் இறங்கிவிடும்,
கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே.
எந்திரம் அதை மோந்து பார்க்கும்.
"தீர்ப்பு இல்லக்கா, சந்தேகந்தான்.
இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு.
சந்தேகம் வந்தா படம் எடுத்துப் பாக்கணும்."

வாசலில் நான் சுருக்கிவிடுவேன்:
மேலே நடப்பதைக் கீழே சொல்லும்.
சிரிப்பார்கள்.
சிரித்துவிட்டால் பாட்டில் நிறையும்.

பாகூர் விருதாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை.
கையெழுத்துப் போட்டாள்.
பெயர் ஒட்டிய பாட்டிலை வாங்கி
சன்னல் திட்டில் கவிழ்த்து வைத்தாள்.
மூன்று விடியல் போனேன்.
நாலாம் நாள் பாட்டிலைத் திருப்பித் தந்தாள்.
"தெரிஞ்சுகிட்டு என்ன பண்ண?
தெரியாத வரைக்கும்
என் உடம்பு என்னுது."

ஒன்று குறைந்தால் கணக்கு இடிக்கும்.
பனித்திட்டுப் பள்ளிக்கூடக் கக்கூசில்
தாழ்ப்பாளில்லாத கதவைக் காலால் அழுத்திக்கொண்டு
அவள் பாட்டிலை நான் நிரப்பினேன்.
எண் இருபத்தேழு.
அறுபது ரூபாய்.

பதினெட்டாம் நாள் நிலோஃபர் போன் செய்தாள்.
"விருதாம்பாளை மட்டும் அழைச்சிட்டு வாங்க.
பயமுறுத்தாதீங்க. படந்தான்."
பஸ் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பன்னிரண்டு.
மறுபடி எண்ணினேன். பதினொன்று.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு
வலது, இடது, அக்குள் வரை தடவினேன்.
மீனின் செதிலில் முள்ளின் போக்கை அறிகிற கைகள்
ஒன்றுமில்லை என்றன.
பாட்டில் வேறு சொல்கிறது,
இன்னொருத்தி பெயரில்.

மறுநாள் ஆல்பேட்டையில் அதே போலீஸ்.
"இன்னைக்கு சரக்கு இல்லையா?"
சொல்ல வாய் எழுந்தது. சொல்லவில்லை.
பாலத்துக்குக் கீழே பெண்ணையாறு
மணலாகக் கிடந்தது.

பேர்தான் தப்பு, ஆள் நான்தான், என்றேன்.
நிலோஃபருக்குக் கோபம் வந்தது.
வரவேண்டியதுதான்,
ஆறுமாதக் கணக்கில் ஒரு பொய்.
அந்தக் கோபத்தோடேயே கையைப் பிடித்து இழுத்துப்போய்
படமெடுக்கும் அறை வாசலில் உட்காரவைத்தாள்.
படம். ஊசி. பத்து நாள் காத்திருப்பு.
பச்சைப்பயறு அளவு என்றார்கள்.
நல்ல வேளை, சீக்கிரமே வந்தீர்கள் என்றார்கள்.
அந்த நல்ல வேளையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பையில் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

அறுவைக்கு இன்னும் ஒன்பது நாள்.
இன்று விடியலில் பாகூர் போனேன்.
புது பாட்டில். பெயர் எழுதாத சீட்டு.
பணத்துக்கு இல்லை என்றேன்.
உன் பேரில் ஒரு வியாதியை எழுதிவிட்டேன்,
அழித்துவிட்டுச் சொல்லிப்போக வந்தேன் என்றேன்.

விருதாம்பாள் என் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு முந்தானையைப் பார்த்தாள்,
அதற்குள் எந்தப் பக்கம் என்று தேடுவதுபோல.
உள்ளே பால் பொங்கி வழியும் வாடை.
அவள் அசையவில்லை.
பாட்டிலை வாங்கி
சன்னல் திட்டில் வைத்தாள்,
இந்த முறை நிமிர்த்தி.