ஊதாப் பை

செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்கு
புதுப்பாளையத்தில் ஒரு சாப்பாட்டு மேசை
வகுப்பறை ஆகிறது.
ஊறுகாய் ஜாடியை நகர்த்துகிறான் லோகித்.
ஈரத்துணியால் துடைத்த இடம் காயும்வரை
யாரும் நோட்டை வைப்பதில்லை.
மணி அடிக்காது. வருகைப் பதிவேடு கிடையாது.
இருவரும் வந்திருக்கிறார்கள்,
அதாவது, எங்கும் போகவில்லை.

அக்காவுக்குப் பதினாறு. தம்பிக்குப் பதினாலு.
நெய்வேலிக்கு ஷிப்ட் போகும் அப்பா
ஒரே நாளில் இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தினார்.
காரணம் நான் கேட்டதில்லை.
இலக்கணமும் கட்டுரையும் மட்டும்
என்னிடம் விட்டிருக்கிறார்கள்.
மீதியெல்லாம் அம்மா:
கணக்கு, வேதியியல், மதியச் சாப்பாடு.

போன மாதம் சொன்னேன்:
"கண்ணால பார்த்ததை எழுதுங்க.
படிச்சதை வேண்டாம்."
லோகித் ஒரு பல்லியை எழுதினான்.
நல்ல பல்லி. வால்தான் கொஞ்சம் மிகை.
அமுதினி எழுந்து நின்று வாசித்தாள்.
நான் நிற்கச் சொன்னதில்லை,
பள்ளியில் பழகிய முழங்கால்.

"ஊதாப் பையோடு ஒருத்தி பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள்.
சிதம்பரம் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.
அடுத்ததும் வந்தது.
நான்காவது பஸ் போனபோது
சுண்டல்காரர் அவளிடம் கேட்பதை நிறுத்தியிருந்தார்."

சமையலறையில் மிக்ஸி நின்றது.

மிக்ஸி நின்ற பிறகுதான்
ஒரு வீட்டில் எவ்வளவு சத்தம் என்று தெரிகிறது.
மின்விசிறி. குழாய். லோகித்தின் பேனா மூடி.
கதவுக் கொக்கியில், எனக்கு நேர் எதிரே,
குடைக்காம்பு வெளியே துருத்திக்கொண்டு
ஊதாப் பை.

பள்ளியில் நான் வேலை பார்த்த காலத்தில்
பிள்ளைகள் வீட்டைப் பற்றி எழுதினால்
வீட்டுக்கும் தாளுக்கும் நடுவே
இரண்டு பஸ் நிறுத்தமாவது இருந்தது.
இங்கே ஒரு திரைச்சீலை.
அதில் மயில் அச்சு.

"சுண்டல்காரர் வரி நல்லா இருக்கு" என்றேன்.
என் குரல் எனக்கே கேட்கவில்லை.
"பையோட நிறத்தை மாத்திப் பாரேன்."
"பை ஊதாதான் மிஸ்."
"அதனாலதான்."

பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை அன்று நடத்தினேன்,
பொய்யை நேர்மையாகச் சொல்வது எப்படி என்று.
ஊதா பச்சையாயிற்று.
சிதம்பரம் விருத்தாசலமாயிற்று.
ரத்தப் பரிசோதனை நிலையத்தில்
அவளுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தோம்.
லோகித் மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டான்.
ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற
உட்கார்ந்தாள் அமுதினி,
மேசையில் முழங்கை ஊன்றி, யாரையும் பார்க்காமல்,
கேட்காமலே ஒரு பக்கம் கூடுதலாக எழுதினாள்.
மிக்ஸி மறுபடி ஓடியது,
தேங்காய்க்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.
அன்று டீ வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, ஏலக்காய் தட்டிப் போட்டு.
வேலை போய்விடும் என்று நினைத்திருந்தவள்
இரண்டு மடக்கில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

மாதக் கடைசியில் நான் படியிறங்கும்போது
கூடவே வந்தார் விஜயகௌரி.
பணக் கவரை நீட்டியவர் கையை எடுக்கவில்லை.
ஒரு முனையில் அவர், மறு முனையில் நான்.
"அந்தப் பச்சைப் பைக்காரி,
அஞ்சாவது பஸ்ல ஏறினாளா?"

"இன்னும் எழுதலைங்க."

கொடியில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்தார்.
காய்ந்துதான் இருந்தது.
"அவளை அவசரப்படுத்தாதீங்க.
மார்க்குக்காக
வீட்டுக்குத் திருப்பி அனுப்பிடப் போறா."

அந்நேரம் சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பியது.
அவர் முந்தானையை, நான் துப்பட்டாவை
மூக்குக்குக் கொண்டுபோனோம்.
"இன்னைக்கு ஜாஸ்தி" என்றார்.
"ஆமாங்க, ஜாஸ்திதான்" என்றேன்.
நல்லவேளை, இந்த ஊரில்
பேச்சை மாற்ற அது ஒன்று இருக்கிறது.