பிண்ணாக்கு

தென்கிழக்கு ஸ்டைரியா. அக்டோபர்.
பச்சையா கறுப்பா என்று சொல்ல முடியாத எண்ணெய்
போத்தலுக்குப் போகிறது.
மிச்சம் பன்றிக்கு.
அந்த மிச்சத்துக்காக கிராஸிலிருந்து வந்திருக்கிறேன்,
பின்னிருக்கையில் காலி வாளிகள் இரண்டு.

‘அப்படி என்னதான் இருக்கிறது இதில்?’
முழங்கையால் மூக்கைத் துடைத்தபடி கேட்கிறாள்
ஆலைக்காரி ஹெர்மினா.
தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கிறது
பூசணி விதைப் பிண்ணாக்கு.
பாதிக்கு மேல் புரதம், என்கிறேன்.
அது பன்றிக்கே தெரியும், என்கிறாள்.
வாளிக்கு நாலு யூரோ.

ஆய்வகத்தில் பிண்ணாக்கு மாவாகி
மாவு கரைசலாகி
ஐம்பது பாகைச் சூட்டில் நொதிக்குக் காத்திருந்தது.
புரதம் மூச்சுவிடாமல் எழுதிய நீண்ட வாக்கியம்.
எங்கே நிறுத்த வேண்டும் என்பது நொதிக்குத் தெரியும்.
வெட்டு விழும் இடமெல்லாம் கரைசல் கொஞ்சம் புளிக்கும்;
சரிக்கட்ட மேலிருந்து ஒரு சொட்டுக் காரம் இறங்கும்.
சொட்டை எண்ணினால் வெட்டின் கணக்கு.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
கடைசி டிராம் போய்விட்டிருந்தது.

வடிகட்டியைத் தாண்டி வந்தவை
இரண்டெழுத்துச் சொற்கள், மூன்றெழுத்துச் சொற்கள்.
வாக்கியத்துக்குள் கிடந்தவரை வாய் திறக்காதவை,
துண்டானபின் பேசுகின்றன.

ரத்தக்குழாயை இறுக்கு, இறுக்கு என்று
உடம்புக்குள் அதட்டிக்கொண்டே இருக்கும் நொதி ஒன்று உண்டு.
இந்தத் துண்டுகள் போய் அதன் வாயில் உட்கார்ந்துகொள்கின்றன.
வாயில் கொழுக்கட்டை. அதட்டல் நின்றது.
அறுபத்தெட்டு விழுக்காடு, என்றது திரை.
மறுபடி செய்தேன், அறுபத்தாறு.
மூன்றாவது தடவை
குழாய் கைதவறி உடைந்தது.

விதிக்கு விரோதமாக
ஒரு சிட்டிகை தூளை நாக்கில் வைத்தேன்.
மாத்திரையைக் கடித்துவிட்டதுபோல் கசப்பு.
வறுத்த விதையின் மணம்
எந்த வெட்டில் விழுந்து போயிற்றோ.

‘அப்படியானால் ஓட்மாரின் மாத்திரையை நிறுத்திவிடலாம்’
என்றாள் ஹெர்மினா.
போத்தலில் ஒட்டும் சீட்டில்
ஓர் இதயம் வரைவதாகவும் உத்தேசம்.

கூடாது.
கண்ணாடிக் குழாய் ஓட்மார் அல்ல.
ஓட்மாருக்கு வயிறு இருக்கிறது, வயிற்றில் அமிலம்,
குடலில் இன்னும் கூரான கத்திகள்,
குடல் சுவரில் லேசில் கதவு திறக்காத காவல்.
என் துண்டுகளில் எத்தனை ரத்தம்வரை போய்ச் சேரும்?
எனக்குத் தெரியாது.
முதலில் எலி. பிறகு மனிதர்கள், நிறைய மனிதர்கள்.
ஏழெட்டு வருஷம் ஆகும். அதுவும் பணம் வந்தால்.

‘அவருக்கு இப்போதே எழுபத்தொன்பது.’

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.
முற்றத்தில் ஓட்மார் தள்ளுவண்டியோடு போனார்,
வண்டி நிறையப் பிண்ணாக்கு.
மாத்திரையை விழுங்கிய கையோடு
வழக்கமாகச் செய்யும் வேலை.
எத்தனை தலைமுறைப் பன்றிகள் தின்றிருக்கும் இதை!
ஒன்றுக்கும் யாரும் ரத்த அழுத்தம் பார்த்ததில்லை.
பார்க்கும் வயது வருமுன்
தொத்திறைச்சி ஆகிவிடுகின்றன.

வாளிகளை நிரப்பித் தந்தாள். எட்டு யூரோ, தள்ளுபடி இல்லை.
ஒன்றின் மேல், காகிதத்தில் மடித்து,
ஆட்டாத விதை ஒரு கைப்பிடி.
‘இதையாவது வெட்டாதே, பிண்ணாக்கு டாக்டர்.
மென்று தின்னு.’

நான் டாக்டர் இல்லை,
பல்லும் ஒரு கத்திதான் என்றெல்லாம்
சொல்ல நினைத்தேன்.
வாய் நிறைய விதை.