தண்ணீர் குடிப்பவர்

ரயில் நிலையத்தின் முன்னால் ஒரு சதுக்கம்.
அதன் நடுவே, தரையில் பதித்த வட்டத் தகடு.
இந்தப் பக்கம் ஸ்லோவேனியா, அந்தப் பக்கம் இத்தாலி.
பனிக்காலத்தில் தகடு வழுக்கும்.
இரண்டு நாட்டுக்காரர்களும் ஒரே மாதிரிதான் விழுவார்கள்.

என் மேசை இந்தப் பக்கம்.
லொரேத்தாவின் மேசை அந்தப் பக்கம்,
நடந்தால் பதினோரு நிமிடம்.
இருவருக்கும் ஒரே வேலை:
சூதாட்டக் கூடத்துக்குள் என்னை விடாதீர்கள் என்று
தாங்களே எழுதிக் கேட்பவர்களைப்
பட்டியலில் ஏற்றுவது.
விசித்திரமான மனு அது.
நான் பார்த்த மற்ற மனுக்களெல்லாம்
உள்ளே விடு என்றுதான் கெஞ்சின.

எத்தோரே பெவிலாக்வா
அங்கே கையெழுத்திட்டது மார்ச்சில்.
மனைவியின் பல் வைத்தியத்துக்கு வைத்திருந்த பணம்
அதற்கு முந்தின இரவு போயிருந்தது.
லொரேத்தா முத்திரை குத்தினாள்,
அங்கே கதவுகள் மூடின.
ஏப்ரலில் அவர் தகட்டைத் தாண்டி வந்தார்.
எங்கள் ஊர்க் கூடங்களுக்குத் தூக்கம் கிடையாது.
வாசலில் அவர் நீட்டியது எங்கள் நாட்டு அட்டை.
அதில் பெயர் வோதோபிவெத்ஸ்.

இரண்டும் ஒரே பெயர்தான்.
அந்த மொழியிலும் இந்த மொழியிலும்
தண்ணீர் குடிப்பவர் என்று பொருள்.
அவருடைய தாத்தா பள்ளிக்கூடம் போன நாளில்
அரசாணை ஒன்று வந்து
தெருக்களை மொழிபெயர்த்தது,
பிறகு ஆட்களை.
பேரன் ஒரு பெயரில் கடன் வாங்கி
மறு பெயரில் தோற்றுக்கொண்டிருந்தார்.
ஆடுகிறவர்களுக்குக் கூடத்தில் பிராந்தி இலவசம்.
பெயர்ப் பொருத்தம் பார்க்க வேண்டாம்.

அந்த வசந்தத்தில் வியன்னாவில் மாநாடு.
நாற்பது நாடுகள்.
காதில் மாட்டிய கருவிக்குள்
ஒத்துழைப்பு என்ற சொல் ஆறு மொழியில் இரைந்தது.
நான் கை தூக்கினேன்:
நம் பட்டியல்கள் ஒன்றோடொன்று பேசலாமா?
தனிநபர் விவரம் அம்மா, என்றார் தலைவர்.
நியாயம்தான்.
தன் தோல்வியை எழுதிக் கொடுத்தவரின் பெயர்
ஊர் ஊராக அலைவதை நானும் விரும்பவில்லை.
கேள்வி துணைக்குழுவுக்குப் போயிற்று.
துணைக்குழு அடுத்த வருஷம் கூடும்.
அடுத்த வருஷத்துக்குள் எத்தோரே
இன்னொரு வீட்டைத் தோற்றுவிடலாம்.

ஜூனில் ஒரு வியாழன், நாலரை மணி,
லொரேத்தா தொலைபேசியில்.
"அங்கே மழையா?"
"மழை."
"ஒருவர் நடந்து வருகிறார், குடையில்லாமல்.
தானாகவே வருகிறார்.
அந்தப் பக்கம் உங்கள் பெயர் என்னவென்று மட்டும் கேட்டேன்.
இதுவரை யாரும் கேட்டதில்லையாம்."
கொஞ்சம் மௌனம்.
"தண்ணீர் குடிப்பவர். ஐந்து மணிக்குப் பூட்டிவிடாதே.
நான் யார் பெயரையும் சொல்லவில்லை, கவனி."
"நீ சொல்லவில்லை," என்றேன்.

பதினோரு நிமிடம் ஆயிற்று.
இருபது. இருபத்தைந்து.
குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
அவர் தகட்டின் மேலேயே நின்றிருந்தார்,
சட்டை உடம்போடு ஒட்டி.
இடது கைப்பக்கம் கூடத்தின் பச்சை விளக்கு,
ஈரத் தரையில் அவர் காலணிவரை நீண்டு கிடந்தது.
பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை.
"தாகமா?" என்றேன்.

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை.
படிவத்தில் இரண்டு பெயரையும் எழுதினார்,
பேனாவைக் கீழே வைத்து,
மறுபடி எடுத்து.
முத்திரை காயும்முன்
அவர் சட்டைப்பையில் போன் ஒருமுறை துடித்தது:
இலவச நாணயங்கள் காத்திருக்கின்றன, இன்றிரவு வரை.
அது எந்த நாட்டிலிருந்து வந்தது
என்று என்னால் சொல்ல முடியாது.
அதை அணைக்கச் சொல்லவும் முடியாது.
அவரே அணைத்தார். அன்றைக்கு.

துணைக்குழு இன்னும் கூடவில்லை.
வியாழக்கிழமைகளில் லொரேத்தா
பிழையான என் மொழியில் வானிலை விசாரிக்கிறாள்.
போன வாரம் ஒரு தச்சர்.
இன்று, "ஓநாய் ஒன்று," என்றாள்,
"மிகவும் சின்னது. இருபத்திரண்டு வயது."
சாவியை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு
ஜன்னலருகே போய் நின்றேன்.