மிச்சம் ஏழு ராத்தல்

கோஸ்மா தராசில் ஏறினான்:
நூற்றுத் தொண்ணூற்று மூன்று ராத்தல்,
பூட்ஸோடு, தோள்பையில் காய்ந்த சால்மனோடு.
அப்புறம் தபால் மூட்டை.
அப்புறம் ஆற்றின் மேல்முனைப் பள்ளிக்கூடத்துக்கு
மூன்று பெட்டி ஆரஞ்சு.
விமானம் தாங்குவதில் மிச்சம் ஏழு ராத்தல்.
அதற்குள் ஒரு துப்பாக்கி, அதற்கான தோட்டா.

ஹாக்ஸ்ட்ரம் கடையில் மூன்று நாளாக இதே பேச்சு.
கரடிக்கென்றால் பெரிய ரைஃபிள் என்றான் ஒருவன்,
தோளைக் கழற்றிக் கையில் கொடுக்கும், அதுதான் அழகு என்றான்.
பசிக்கென்றால் இருபத்திரண்டு,
சட்டைப்பையில் நூறு தோட்டா கொள்ளும்,
தோட்டாவுக்கு ஒரு முயல் என்று
கணக்குப் போட்டான் இன்னொருவன்.
நூறு முயல்!
அலாஸ்காவில் எங்கே வரிசையில் நிற்கின்றனவாம் அவை?

ஹாக்ஸ்ட்ரம் மட்டும்
கல்லாவைத் துடைத்தபடியே கேட்டான்:
"எதைக் கண்டு அதிகம் பயம், லீனா?"

பயம் ஒன்றே ஒன்றாக இருந்தால்
துப்பாக்கியும் ஒன்று போதும்.
எனக்கோ பெட்ரோல் குழாயில் உறையும் ஒரு சொட்டு நீர்கூட
கரடி அளவு தெரிகிறது, ராத்திரிகளில்.

கடைசியில் எடுத்தது ஒற்றைக் குழல். பழையது.
ஒரு தோட்டா போட்டால் ஒரு வெடி, அவ்வளவுதான் அதன் வாழ்க்கை.
சிறு குருவித் தோட்டா எட்டு, பெரிய ஈயம் நான்கு.
கட்டையில் யாரோ கத்தியால் கீறியிருந்தார்கள், ஓ. பி. என்று.
ஓ. பி. என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் பதினொன்று.
எஞ்சின் இருமியது. பிறகு இருமக்கூட இல்லை.
கூழாங்கல் திட்டில் இறக்கினேன்; சக்கரம் புதைந்து
விமானம் மூக்கால் ஆற்றைக் குடித்தது.
கோஸ்மாவின் வலது காலில்
முழங்காலுக்குக் கீழே இன்னொரு முழங்கால்.

மரமில்லாத தரை அது.
வில்லோ உண்டு, விரல் தடிமனில், இடுப்பளவு.
விமானத்தின் எலும்பெல்லாம் கோணல்.
கண்ணுக்கெட்டிய தூரத்தில் நேராக இருந்த பொருள்
அந்தக் குழல் ஒன்றுதான்.

தோட்டாவை எடுத்தேன். எடுத்தேனா என்று மறுபடி பார்த்தேன்.
குழலின் வாய் குதிகாலில், கட்டை தொடையில்,
தபால் மூட்டைக் கயிற்றால் ஏழு கட்டு.
அவன் யூப்பிக்கில் கத்தினான்,
என் அம்மா எனக்குச் சொல்லித்தராமல் விட்ட மொழி.
ஆனாலும் புரிந்தது. என்னைத்தான்.

அந்தியில் வந்தது கரடி,
அக்கரையிலிருந்து, அவசரமே இல்லாமல்,
வாடகை பாக்கி கேட்க வருகிற ஆள் மாதிரி.

கோஸ்மா அதைப் பார்த்தான். காலைப் பார்த்தான்.
"அவிழ்" என்றான்.
ஈரக் கயிறு. மரத்த விரல்.
முதல் முடிச்சு. இரண்டாவது.
மூன்றாவதில் அவன் நினைவு தப்பியது.
நிறுத்திவிட்டேன்.

ஏன் நிறுத்தினாய் என்று இன்றும் கேட்கிறார்கள்.
தெரிந்தால் நானும் சொல்லிவிட்டுத் தூங்கப் போவேன்.

பெட்டி உடைந்து ஆரஞ்சு உருண்டு கிடந்தது.
ஒன்றை எடுத்து எறிந்தேன். படவில்லை.
இன்னொன்று மூக்கில் பட்டது.
கரடி அதை முகர்ந்தது, தோலோடு கடித்தது,
கடையில் ஏமாற்றப்பட்டவன் முகத்தோடு துப்பியது.
பிறகு நேராகப் போய்
சால்மன் பையைப் பல்லால் தூக்கிக்கொண்டு
தண்ணீருக்குள் இறங்கியது.
நான் அவிழ்த்த இரண்டு முடிச்சையும்
திரும்பப் போட்டேன். இருட்டில். அழுதுகொண்டு.

நான்கு நாள், பிள்ளைகளின் ஆரஞ்சைத் தின்றோம்.
ஹெலிகாப்டர் வந்தபோது என் பையில்
பன்னிரண்டு தோட்டாவும் அப்படியே.

வசந்தத்தில் அதே கடை, அதே வாய்கள்:
"சரி, எது நல்ல துப்பாக்கி?"
ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக்
கோஸ்மா சொன்னான்: "நீளமானது."

சிரிப்பு அடங்கும் முன்
நான் வெளியே வந்துவிட்டேன்.
தராசில் அன்றைக்கு மிச்சம் ஒன்பது ராத்தல்.
அதே ஒற்றைக் குழல்.
கயிறு மட்டும்
கொஞ்சம் கூடுதலாக.