நாற்பத்து மூன்றாம் தாள்

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குக்
காலை ஆறே முக்காலுக்கு ஒரு பஸ்.
மடியில் அறுபது வினாத்தாள்,
பையில் ரத்த அழுத்தக் கருவி.
நாற்பத்தொரு வயதில் மறுபடி நான் மாணவி.

பதினான்கு வருஷம் துணை மையத்தில் இருந்தவள்.
பேறுகாலம், சொட்டு மருந்து, முடியாத பதிவேடுகள்.
இப்போது சமுதாய நலச் செவிலியம்,
முதுநிலை, இரண்டாம் ஆண்டு.
கிருஷ்ணகிரி விடுதியில் என் அறைக்காரிக்கு இருபத்து நான்கு.
ராத்திரி காதலனோடு சண்டை போட்டு முடித்து
கண்ணைத் துடைத்துக்கொண்டு
எனக்குக் கணினியில் சராசரி எடுக்கச் சொல்லித்தருகிறாள்.

ஆய்வுத் தலைப்பு:
மலையோரக் கிராமங்களில் ரத்த அழுத்த மாத்திரையைத்
தவறாமல் உட்கொள்ளும் பழக்கம்.
'பழக்கத்தை எப்படி அளப்பாய்?' என்று
வழிகாட்டி சிவப்பு மையில் கேட்டிருந்தார்.
இரண்டு கட்டம் வரைந்துவிட்டேன்.
ஆம். இல்லை.

வினாத்தாள் தமிழில்.
தொட்டகெரெயில் அடுப்படிப் பேச்சு கன்னடம்.
ஒன்பதாம் கேள்வி உப்பைப் பற்றி:
அதற்கு மட்டும் யாரும் பெயர்த்துச் சொல்லவில்லை,
அங்கேயும் உப்பு உப்புதான்.
பன்னிரண்டாவது, இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?
வாசலில் ராகி புடைத்தவர்கள் முறத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.
கதிர் முற்றினால் ஆனை இறங்கும்.
பரண்மேல் தகரம் தட்டியே விடியும்.
தூக்கத்துக்கு ஐந்து விடை கொடுத்திருந்தேன்,
ஒன்றிலும் ஆனை இல்லை.

நாற்பத்து மூன்றாம் தாள், ருத்ரம்மா, ஐம்பத்தெட்டு.
மாத்திரை தினமும் சாப்பிடுறீங்களா?
தினமும்.
விட்டுப்போன நாள்?
இல்லவே இல்லை.
சந்தோஷமாய் 'ஆம்' கட்டத்தில் குறி போட்டேன்.
பட்டை கட்டி அழுத்தினால்
நூற்று எழுபத்தாறு.
கொஞ்சம் உட்கார வைத்து மறுபடி பார்த்தேன்.
நூற்று எழுபத்து நாலு.

'அர்த' என்றாள்.
எனக்கு அர்த்தம் என்று கேட்டது.
என்ன அர்த்தம்மா?
உள்ளே போய் அருவாமணையைத் தூக்கி வந்தாள்.
அலகின் நுனியில் வெள்ளைப் பொடி.

பாதி இவளுக்கு,
பாதி பக்கத்து வீட்டுச் சிக்கமாதிக்கு.
சிக்கமாதிக்கும் கிறுகிறுப்பு.
அவள் அட்டையில் ஓசூரில் மகன் இருந்த வீட்டு முகவரி,
மகனே இப்போது அங்கே இல்லை.
வீடு தேடி வரும் மாத்திரைக்கு அவள் வீடு தெரியாது.
பத்து மாசமாய்,
ஒரு நாள் தவறாமல்,
விளக்கு வைத்ததும் அருவாமணையில் ஒரு 'டக்'.

அது ஆமா, இல்லையா?

ஐந்தாவது வீடு ஐந்தாவது வீடாக எடுப்பது என் ஆய்வின் விதி.
சிக்கமாதியின் வீடு ஆறாவது.
விதியை மடித்துப் பையில் வைத்துவிட்டு
அவளுக்கும் பட்டை கட்டினேன்,
அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன்.
புளியமரத்தடியில்தான் சிக்னல் வரும் என்றார்கள்.
நின்று, அந்தப் பகுதிச் செவிலிக்குப் போன் போட்டு
'நானும் உங்க வேலைதாம்மா' என்று ஆரம்பித்து
பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்.
அவள் பெருமூச்சு எனக்குக் கேட்டது.
என்னிடமிருந்தும் அப்படித்தான் வரும்.
நாளைக்கு வருகிறேன் என்றாள். வந்தாளாம்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை.
சும்மா என் கையிலேயே கட்டிப் பார்த்தேன்.
நூற்று ஐம்பத்தெட்டு, பஸ் குலுங்கியதைக் கழித்தாலும்
நூற்று ஐம்பது.
என் மாத்திரை அட்டை பையின் அடியில்தான் இருந்தது,
செவ்வாய்க்கிழமையிலிருந்து பிரிக்கவில்லை.
முழு மாத்திரைகள்.
யாரும் என்னிடம் பங்கு கேட்கவில்லை.

ஆய்வேட்டுக்கு ஒரு ஒழுங்கு உண்டு:
இடது ஓரம் ஒன்றரை அங்குலம்
வெறுமையாய் விட வேண்டும், தைப்பதற்கு.
நாற்பத்து மூன்றாம் தாளில்
அந்த ஒன்றரை அங்குலம் முழுக்கப்
பென்சிலால் கிறுக்கியிருக்கிறேன்.
அறைக்காரி வாசித்துவிட்டு
இதை எந்த அட்டவணையில் ஏற்றுவது என்கிறாள்.
ஊசி போகிற இடம், இருக்கட்டும் என்றேன்.