ஐந்தரைச் சோடி

பிழை என்னுடையதுதான்.
தேறாங்கண்டல் குளத்தின் தென்கரைக் கோரையில்
பிறேமதர்சன் எண்ணிக்கொண்டு வந்தது
பதினொரு உள்ளான்.
ஆங்கிலப் படிவத்தில் நான் அடித்தது
பதினொரு ஸ்னைப்பர்.
கடைசியில் ஓர் எழுத்து கூடிவிட்டது.
கணினி அதற்குக் கீழே
சிவப்புக் கோடுகூட இழுக்கவில்லை.
அதற்கும் தெரிந்த சொல்தான்.

மூன்றாம் நாள்
கந்தோர் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள்.
சிவில் உடுப்பு. பொலிஷ் போட்ட சப்பாத்து.
"அந்தப் பதினொரு பேர் எங்கே? யார் கண்டது?"
பிறேமதர்சன் சிரித்துவிட்டான்.
சிரித்திருக்கக் கூடாது.

குருவி ஐயா, என்றேன்.
அவர் நம்பவில்லை.
அவருடைய கதிரையில் இருந்திருந்தால்
நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அரைகுறைச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன்:
முதலில் அது ஒரு மூக்கைக் குறித்திருக்கலாம்,
நீட்டிக்கொண்டு நிற்கிற எதையாவது.
பிறகு அந்த மூக்கை வைத்திருந்த குருவியை.
ஸ்னைப்.
பிறகு, சேற்றிலிருந்து கிளம்பி
இடம், வலம், இடம் என்று
வெட்டி வெட்டிப் பறக்கும் அதை
விழுத்தத் தெரிந்த கையை.
இந்தியாவில் வேலையில்லாமல் இருந்த வெள்ளைப் பட்டாளத்தார்
பின்னேரங்களில் வயலுக்குள் இறங்கிச்
சம்பாதித்த பட்டம் அது.
குருவி அலுத்ததோ என்னவோ,
பட்டம் வயலை விட்டு வெளியே வந்து
மனிதரைப் பார்த்தது.
இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் நின்று
ஒருவரை ஒருவர் குத்திப் பேசுவதற்கும்
அதே சொல்தானாம்.

இங்கேயும் ஒரு துரை இருந்தார் என்று சொல்வார்கள்.
குளக்கட்டில் கூடாரம் போட்டு
தை மாதம் முழுக்கச் சுட்டாராம்.
கணக்குக் கொப்பியில்
இருபத்திரண்டரைச் சோடி.
உள்ளானைச் சோடியாகத்தான் எண்ணுவார்கள்.
அரை என்றால்
பாதிக் குருவி இல்லை.
ஒரு குருவி.

எனக்கு அந்தச் சொல்
குருவியாக வரவில்லை.

ஒன்பது வயது.
வெட்டையைக் கடக்க வேண்டும்.
"நேரா ஓடாதை, வளைஞ்சு வளைஞ்சு ஓடு"
என்று அண்ணன் கத்தினான்.
ஓடினேன்.
இடம். வலம். இடம்.
யாரிடமிருந்து அதைப் பழகினோம் என்று
இப்போதுதான் யோசிக்கிறேன்.
அண்ணன் நேராக ஓடினான்.
அவன் தோளில் அரிசி மூட்டை இருந்தது.

இதை அவருக்குச் சொல்லவில்லை.
தொலைபேசியில் படத்தைக் காட்டினேன்.
சேற்று நிறம், முதுகில் வைக்கோல் கோடுகள்,
தலைக்குப் பொருந்தாத அலகு.
விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.
"கெஸ்வட்டுவா" என்றார் கடைசியில்.
தங்கள் ஊர் வயலுக்கும் வருமாம், மழையோடு.
சின்ன வயதில் கவணால் எத்தனையோ தரம்.
ஒன்றுகூட விழுந்ததில்லையாம்.
சொல்லிவிட்டு
சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல்
தொலைபேசியைத் திருப்பித் தந்தார்.
திருத்திய படிவம், மூன்று பிரதி,
கையெழுத்து, இறப்பர் முத்திரை.

கடைசி எழுத்துக்குப் பின்னால் போய் நின்று
ஒருதரம் அழுத்தினேன்.
போய்விட்டது.
இவ்வளவுதானா.

பின்னேரம் நானும் குளத்துக்குப் போனேன்.
காலபோகத்துக்கு உழுத வயலில்
முழங்கால் மட்டும் சேறு.
மற்றக் காலை எடுத்து வைக்க முதல்
துணி கிழிகிற சத்தத்தோடு
ஒன்று எழும்பியது.
குனிந்துவிட்டேன்.
பதினாறு வருடத்துக்குப் பிறகும்
முதுகு தானாகக் குனிந்தது.
நிமிர்ந்தபோது அது
வானத்தை மூன்று இடத்தில் மடித்துவிட்டு
அக்கரை நாணலுக்குள் இறங்கியிருந்தது.

"இன்றைக்கும் பதினொன்றுதான்" என்றான் பிறேமதர்சன்.
ஐந்தரைச் சோடி, என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.
பென்சிலை நாக்கில் தொட்டு
பதினொன்று என்று எழுதினான்.